அண்ணன் செய்த கார்கள்

கடற்கரைச் சாலையில் காலையில் என்னோடு நடக்க வருகிற நீங்கள் எல்லோரும் போன வாரம் என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தீர்கள். கூடத்து மேசையில் பாதி முடிந்த குட்டிக் கார் ஒன்று இருந்தது. பக்கத்தில் பசை, பிளேடு, சாமணம், பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு. "பேரனுக்கா?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். எனக்குத்தான் என்று சொன்னதும் எல்லோரும் சட்டென்று டம்ளருக்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். ரிட்டயரான பிறகு ஒருத்தி வீணை கற்றுக்கொள்ளலாம், ஒருத்தி மொட்டைமாடியில் கத்தரி போடலாம், அதெல்லாம் கெட்டிக்காரத்தனம். அறுபது தாண்டியவள் பொம்மைக் கார் ஒட்டினால் மட்டும் மூளை பிசகிவிட்டது என்று அர்த்தம்.

எப்போதிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டதற்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். உண்மையில் சின்ன வயதில் பிடித்து, இருபது வயதுவாக்கில் விட்டது. அதற்குப் பிறகு கல்யாணம், பிள்ளை, பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை என்று காலம் ஓடிவிட்டது. மருமகன் துபாயிலிருந்து யாருக்கோ வாங்கி வந்து கொடுக்க மறந்த, இந்த மாதிரி ஒட்டுகிற கார்ப் பெட்டி ஒன்று அலமாரியில் கிடந்தது. ஒரு மழைநாளில் அதைப் பிரித்தேன். பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாக நகவெட்டியைத் தேடியது. சந்தோஷமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தும் மூடி வைக்க முடியவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன். கலகலப்பான கதை இல்லை, பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம்.

என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். நம் ஊரில் அப்போது தெருவுக்கு நாலு வீட்டில் அப்படி ஆள் இருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளை இங்கே, புருஷன் அங்கே. மாதாமாதம் பணம் வரும், சில வருஷத்துக்கு ஒருமுறை லீவில் ஆள் வருவார். அப்பா வருகிற மாதத்தில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தென்னை ஏறுகிற ஆளைக் கூப்பிட்டு மட்டை கழிப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மா ஷோகேஸைத் துடைப்பாள்.

சொல்தா வீடு என்றால் கூடத்தில் கண்ணாடி ஷோகேஸ் இருந்தாக வேண்டும். பீங்கான் குவளை, காலியான சென்ட் பாட்டில், படுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பொம்மை, ஈஃபில் கோபுரம் எல்லாம் அதில் இருக்கும். பொம்மை எனக்கு வந்ததுதான். ஆனால் நான் அதைத் தொட்டது கிடையாது. அந்த ஷோகேஸின் நடுத்தட்டு மட்டும் எனக்கும் அண்ணனுக்கும். பள்ளியில் வாங்கிய கோப்பை, நான் போட்ட பின்னல் கைக்குட்டை, இரண்டு பேருடைய ஸ்டூடியோ போட்டோ. அப்பா பெட்டியைக் கீழே வைத்ததும் முதலில் நடுத்தட்டின் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தான் இல்லாத வருஷங்களில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று அவருக்குச் சொல்ல வேறு வழி இல்லை. எங்களுக்கு அரைப் பரீட்சை முழுப் பரீட்சை என்றால், அம்மாவுக்கு அதுதான் பரீட்சை.

அண்ணன் என்னைவிட நாலு வயது பெரியவன். படிப்பில் மண்டை ஓடாது. பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி பட்டினச்சேரிக்குச் சைக்கிளை விட்டுவிடுவான். அங்கே மீன்காரர்களோடு கட்டுமரம் தள்ளுவான், அவர்களோடு உட்கார்ந்து பழைய சோறு தின்பான். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்கள் கொல்லையில் நின்றே சொல்லுவான். சாயங்காலம் உப்பு பூத்த தலையோடு வருவான். சொல்தா மகன் மீன்குப்பத்தில் கிடக்கிறான் என்று தெருவில் யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அம்மா அவன் தலையைக் கிணற்றடியில் அமுக்கித் தேய்ப்பாள். ஒருமுறை அப்பா லீவில் வந்தபோது அவன் ஃபெயிலானது தெரிந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றினார். அண்ணன் சத்தம் போடவில்லை. அம்மாதான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தன் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அடியை அவள் மறக்கவே இல்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

அந்த லீவு முடிந்து போன அப்பா, ஊருக்கு வந்த இன்னொரு சொல்தா கையில் அண்ணனுக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். மேல் அட்டையில் நீல நிறக் கார் ஒன்று மலைப்பாதையில் போகிற படம். அம்மா திறந்தாள். உள்ளே பார்த்தால் கதவு ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், சின்னச் சின்னத் துண்டுகள்.

"அய்யய்யோ, வழியில ஒடைச்சிட்டாரே பாவி மனுசன்!"

அதோடு நிற்கவில்லை. கொண்டுவந்தவர் வீட்டுக்கே போய், "பத்தரமா கொண்டாரத் தெரியாட்டி வாங்கியிருக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் பொட்டி மேல ஒக்காரக்கூட இல்லைங்களே" என்றார். பிரான்சிலேயே வேலை பார்த்தவருக்கும் அப்படி ஒரு சாமான் உண்டு என்று தெரியாது. அண்ணன் ஒரு சக்கரத்தைத் தரையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்தா பாப்பா, ஒனக்கு உடைஞ்ச காரு" என்று பெட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

துண்டுகள் உடைந்தவை இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண். அடியில் மடித்து வைத்த தாளில் அதே எண்களோடு படம். எழுத்து பிரெஞ்சு, எனக்கு ஒரு வரியும் தெரியாது. எண்ணும் படமும் போதுமானதாக இருந்தன. நகவெட்டியால் நறுக்கி, தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் பிசிறைத் தேய்த்து, ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. அது பொருந்தியபோது எனக்குள் ஏற்பட்ட ஒரு நிம்மதி, என் கல்யாணத்தன்றைக்குக்கூட ஏற்பட்டதில்லை, என் வீட்டுக்காரர் இதைப் படிக்காமலிருக்கட்டும்.

முதல் காரின் முன்கண்ணாடியில் என் கட்டைவிரல் ரேகை பசையோடு பதிந்துவிட்டது. பின்னால் வந்தவற்றில் கை தேறியது. அப்பா அவ்வப்போது பெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார், எல்லாம் அண்ணன் பெயருக்குத்தான். பெயிண்ட் வராது. வந்த ஒரு குப்பியும் உறைந்து கல்லாகியிருந்தது. சிவப்புக்குச் சித்தி வீட்டு நகப்பூச்சு. பளபளக்கும் பம்பருக்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை நகத்தால் நீவி ஒட்டுவேன். சீட்டுக்கு அம்மாவின் ரவிக்கைத் துண்டு. சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடரின் மேலே பிடித்து, இளகும் நேரம் பார்த்து இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமயிர் மாதிரி நூல் வரும். அதை வெட்டி ரேடியோ ஏரியல் வைப்பேன். ஐப்பசி மழையில் மட்டும் வண்ணம் பூசக் கூடாது. காற்றில் இருக்கும் ஈரத்துக்கு வண்ணம் வெளுத்துப் பூத்துவிடும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது இதற்கென்றே விதவிதமான வண்ணம் கிடைக்கிறது, ஊசிமுனைத் தூரிகை கிடைக்கிறது. கண்தான் இல்லை. புரை எடுத்த பிறகு பக்கத்தில் இருப்பது மங்கல். கை வேறு நடுங்குகிறது. கதவுப்பிடி ஒன்றைக் கீழே போட்டுவிட்டு இரண்டு நாள் தரையைத் தடவினேன். கிடைக்கவில்லை.

அண்ணன் வேலையின்போது பக்கத்தில் வந்து உட்காருவான். ஒட்டிய துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடிப்பான், பிறகு அவன் விரலையும் சேர்த்துப் பிரிக்க வேண்டியிருக்கும். பெரிய விரல்கள், துடுப்புக்கும் கயிற்றுக்கும் வாகான விரல்கள். "ஸ்டீரிங்கைத் தப்பா வெச்சிட்டே பாப்பா, இடதுபக்கம் போயிருச்சு" என்பான். "படத்துல அப்படித்தாண்ணே இருக்கு" என்பேன். "அப்ப அந்த ஊருல எல்லாரும் நொட்டாங்கைக்காரனுவ" என்று சிரிப்பான். முடிந்த கார்களை அம்மா நடுத்தட்டில் வரிசையாக வைத்தாள்.

அடுத்த லீவு எழுபத்தேழு வாக்கில். மாங்கனித் திருவிழா முடிந்து தெருவெல்லாம் மாங்கொட்டை காய்ந்துகொண்டிருந்த சமயம். அப்பா பெட்டியை வைத்துவிட்டு வழக்கம்போல ஷோகேஸ் முன் நின்றார். ஒரு காரை வெளியே எடுத்து ஏரியலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யாரு செஞ்சது இதெல்லாம்?"

அண்ணன் அந்த வருஷமும் ஃபெயில். அம்மா என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. "ஒங்க புள்ளதாங்க" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. பெல்ட் இந்த முறை இடுப்பிலேயே இருக்கட்டும் என்று சொன்னது. அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். படிப்பு வராத மகனை வைத்துக்கொண்டு மற்ற சொல்தாக்களுக்கு முன்னால் எத்தனை வருஷம் தலை குனிந்திருப்பார் என்று இப்போது புரிகிறது. அண்ணனை இழுத்து அணைத்துக்கொண்டார். அண்ணன் அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்து முழித்தான்.

பெட்டியில் புதிதாக ஒரு கார் கொண்டுவந்திருந்தார். கதவெல்லாம் திறந்து மூடும், முன்மூடியைத் தூக்கினால் உள்ளே எஞ்சின். மறுநாள் அதை மேசையில் வைத்து, "எங்க, எம் முன்னாடி செய்யி பாப்பம்" என்று அண்ணனை உட்கார வைத்தார். அண்ணன் முதல் கதவை மாட்டும்போதே கீலை உடைத்தான். வேர்த்துக் கொட்டியது. உடைந்ததை மேசையில் வைத்துவிட்டு நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு இது தெரியாதுப்பா. எல்லாம் பாப்பாதான் செஞ்சா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்ப்பா, நாந்தான் செஞ்சேன்."

அப்பா கூடம் அதிரச் சிரித்தார். "பாத்தியா, தங்கச்சி மேல பாசத்தை! பேரை அவளுக்கு விட்டுக்குடுக்குறான். அவளும் அண்ணனுக்கு ஒத்து ஊதுறா. நல்லாத்தான் வளத்திருக்க." கடைசி வார்த்தை அம்மாவுக்கு. அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உடைந்த கீலைப் பற்றி அப்பாவே ஒரு சமாதானமும் கண்டுபிடித்தார். "கமாண்டர் பக்கத்துல நின்னா எனக்குங்கூட துப்பாக்கி மாட்ட வராது. நான் நிக்கலப்பா, நீ ஒம் பாட்டுக்குச் செய்யி."

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு வந்தது. அன்று காலை நம் ஊர் சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போவார்களே, அதற்கு அப்பா அண்ணனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மா அந்தப் பெட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"முடிச்சி வெச்சிடும்மா."

"எதுக்கும்மா? அண்ணன்தான் சொல்லிட்டானே."

"பாதியில கெடந்தா அவனத்தான் அடிப்பாரு. ரெண்டு மாசம், லீவு முடிஞ்சி போயிருவாரு. நீ முடி."

முடித்தேன். உடைந்த கீலுக்குப் பதில் குண்டூசியை வளைத்து வைத்தேன். எஞ்சினுக்குக் கறுப்பு நூலால் வயர் இழுத்தேன். நான் செய்த கார்களிலேயே அதுதான் அழகானது. இதற்காக நான் என்னைக் குற்றம் சொல்லிக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண், அம்மா சொன்னாள், வேலை பிடித்திருந்தது, செய்தேன். பெரியவர்கள் இரண்டு பேர் அந்த வீட்டில் இருந்தார்கள். குற்றமெல்லாம் அவர்களுக்கே இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் அப்பா கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார்: "இவனைக் கூட்டிட்டுப் போயிடுறேன். பதினெட்டு ஆவுறதுக்குள்ள கொண்டுபோனாத்தான் சுளுவு. அங்க மோட்டார் மெக்கானிக் ஸ்கூலு இருக்கு. இந்தக் கைய இங்க வெச்சிக்கிட்டு வீணாக்கக் கூடாது."

அண்ணன் சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். நான் அம்மாவின் பின்னாலேயே அடுக்களைக்குப் போனேன். "அம்மா, அண்ணனுக்குத் தெரியாதேம்மா, இப்பவாச்சும் சொல்லும்மா" என்றேன். அவள் முகத்தில் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. தெருவில் எத்தனை தாய்மார்கள் பையனை பிரான்சுக்கு அனுப்பத் தவம் கிடந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

"போனா கத்துக்குறான். ஆம்பளப் புள்ளைக்கு எல்லாம் தன்னால வரும்" என்றாள்.

என்னைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. நான் போகலாம் என்பது எனக்கே தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது ஆத்திரம் வருகிறது.

மதராசுக்கு வாடகைக் கார் வந்து நின்றது. அண்ணன் பெரிய காலர் வைத்த சட்டையில் யாரோ மாதிரி இருந்தான். காலையில் பட்டினச்சேரிக்குப் போய்விட்டு வந்திருந்தான், புதுப் பேண்ட்டின் கீழ்விளிம்பில் மணல் ஒட்டியிருந்தது. அப்பா, கதவு திறக்கிற அந்தக் காரைப் பஞ்சில் சுற்றி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஸ்கூலில் காட்ட வேண்டுமாம். கோட்டுச்சேரி தாண்டும் வரை அண்ணன் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனான் என்று வழியனுப்பப் போன மாமா சொன்னார்.

அதற்குப் பிறகு பெட்டி வருவது நின்றது. பையன்தான் அங்கேயே இருக்கிறானே, யாருக்கு அனுப்ப வேண்டும்?

அண்ணன் ஒரே ஒருமுறை லீவில் வந்தான், எண்பதுகளின் தொடக்கத்தில். கன்னம் ஒட்டி, கையெல்லாம் வெளிறிப்போயிருந்தான். எனக்கு மட்டும் சின்னச் சின்ன டப்பாக்களில் அசல் வண்ணம் வாங்கி வந்திருந்தான், சிவப்பு, நீலம், வெள்ளி. இரண்டு பேரும் கடற்கரைக்கு நடந்தோம்.

"அந்தக் காரைக் கொண்டுபோயி வாத்தியார் மேசையில வெச்சாரு பாப்பா. எம் புள்ள செஞ்சதுன்னாரு. வாத்தியார் எந்திரிச்சி எங் கையப் புடிச்சிக் குலுக்குனாரு. மறுநாளு ஒரு கார்புரேட்டரைக் குடுத்து, பிரிச்சி மாட்டுன்னாரு." சிரித்தான். "பிரிச்சேன்."

"நான் செய்யலைன்னு சொல்ல வேண்டியதுதானேண்ணே?"

"வாத்தியாருட்ட சொல்ல பிரெஞ்சு வரல. அப்பாட்ட தமிழ்ல சொன்னேன், நம்பல. திமிரு புடிச்சி வேணுமின்னே செய்ய மாட்டேங்குறேன்னு அடிச்சாரு."

ஸ்கூலில் இருந்து அனுப்பிவிட்டார்கள். அப்பா ஒரு கார் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். அங்கே இவனுக்குக் கதவு மாட்டுகிற இடம். "நாளு பூரா கதவு பாப்பா. கதவு வரும், மாட்டணும், போயிரும், அடுத்த கதவு வரும். ராத்திரி கண்ண மூடுனாலும் கதவு. நீ அங்க போயிருக்கணும். நான் இங்க இருந்திருக்கணும். நீ செஞ்ச காருல என்னைய ஏத்தி அனுப்பிட்டாங்க."

அவனுக்கு என் மேல் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று சாயங்காலமே அம்மாவிடம், "நான் திரும்பிப் போவலம்மா, மீன்பாடு பாத்துக்கிட்டு இங்கேயே இருக்கேன்" என்றான். அம்மா அரண்டுபோனாள். பிரான்ஸ் மாப்பிள்ளை என்று அவனுக்குப் பெரிய இடத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தாள். "ஊருல என்னடா சொல்லுவாங்க, வெரட்டிவுட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்க? இன்னம் ஒரே ஒரு தடவ போயிட்டு வா" என்று அழுதாள். அவள் அழுதால் அவனுக்குத் தாங்காது. போனான்.

போனவன் இரண்டாவது குளிர்காலத்தில் செத்துப்போனான். அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. வேலைக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தில் பனி வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று பிறகு விவரம் வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே போட்டோவுக்கு மாலை போட்டோம்.

"கடல்ல நீந்துற புள்ள ஆத்துல எப்புடிடீ முழுவும்?" என்று அம்மா என்னைக் கேட்டாள். மாதக்கணக்கில் கேட்டாள். தோட்டத்தில், கிணற்றடியில், சோற்றை வடிக்கும்போது. குளிர்ந்த தண்ணியில் கை கால் விறைத்துவிடும் என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை. இன்றைக்கும் அந்த ஆறு எப்படி இருக்கும், எவ்வளவு அகலம், பாலத்தில் கைப்பிடி இருந்ததா என்று எதுவும் எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவும் இல்லை. இனி என்ன பார்ப்பது.

அப்பா பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தார். இந்த முறை ஷோகேஸ் முன்னால் நிற்கவில்லை. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் பிரிக்காத கார் ஒன்று இருந்தது. "அவன் பொறந்த நாளுக்குன்னு வாங்குனது. அதுக்குள்ள போயிட்டான்" என்று மேசையில் வைத்தார். அதை எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் துணிவில்லை. அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார்.

ஒரு காலையில் நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பிரித்தேன். அம்மா, "ஏய்" என்றாள். நான் நிறுத்தவில்லை. ஆறுதலுக்காகச் செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இவர் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. போனவன் வரப்போவதில்லை. ஆனால் யாரைக் கொண்டுபோனோம், யாரை விட்டுவிட்டுப் போனோம் என்று இந்த மனிதருக்கு ஒரு தடவையாவது தெரியட்டும். கண் முன்னால் செய்கிறேன், இனி எப்படி நம்பாமல் இருப்பார் என்று நினைத்தேன்.

பல நாள் வேலை அது. பகல் வெளிச்சத்தில், அவர் பார்வைக்கு நேரே. ஒரு துண்டும் மறைத்துச் செய்யவில்லை. நறுக்கினேன், தேய்த்தேன், ஒட்டினேன். அண்ணன் கொண்டுவந்த வண்ணத்தில் நீலத்தைத் திறந்து பூசினேன். முதலில் அவர் காரை மட்டும் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்க்க ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து அவர் என் கையை அப்படி உற்றுப் பார்த்ததே இல்லை. மெழுகுவர்த்தியில் குச்சியைக் காட்டி நூலாக இழுத்தபோது சுடர் அணைந்துவிடாமல் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியாக ஏரியலை ஒட்டி, காரை அவர் பக்கம் நகர்த்தினேன். உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். நகத்தால் கதவைத் திறந்தார், மூடினார்.

"இது ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"சின்னப் புள்ளயிலேருந்துப்பா."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அம்மா அடுக்களை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது கேட்பார், இவளைக் கேட்பார், வீடு இரண்டுபடும், படட்டும் என்று நான் காத்திருந்தேன். அப்பா நிமிர்ந்தபோது கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது.

"அண்ணன் சொல்லிக்குடுத்தானா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கை காரை விடாமல் பற்றியிருந்தது.

"ஆமாம்ப்பா" என்றேன். "அண்ணன்தான்."

"அதானே பாத்தேன்" என்றார் அப்பா. "அப்புடியே அவன் கையி."